புல்லட் வீட்டுப் பையன் குனிஞ்ச கதை

ரெண்டு மாசமா ஆளைக் காணோமேன்னு மூணு பேர் மெயில் போட்டிருந்தீங்க. (அதுல ஒருத்தன் என் ரூம்மேட். பக்கத்து ரூமிலேர்ந்து மெயில் போடுற ஆளை என்ன பண்றது?) ஒரு பக்கம் தீசிஸ் ஆணி, இன்னொரு பக்கம் வண்டி மாத்தின கதை. தீசிஸ் பத்தி எழுதினா நானே படிக்க மாட்டேன். அதனால வண்டிக் கதை.

மேட்டர் இவ்வளவுதான். 2024-ல ஒரு க்ரூசர் பைக் வாங்கினேன். 2025 ஏப்ரல்ல அதை வித்துட்டு ஒரு ஸ்போர்ட் டூரிங் வண்டிக்கு மாறினேன். 'இதெல்லாம் ஒரு பதிவாடா'ன்னு கேக்குறவங்க அடுத்த கடைக்குப் போகலாம். இருக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் கொசுவத்தி சுத்துறேன்.

எங்க ஊர் மன்னார்குடி. அப்பாவுக்கு விதை, உரக்கடை. வீட்டு வாசல்ல ஒரு புல்லட் 350 நிக்கும், 1988-ல வாங்கினது. திருவொற்றியூர் தொழிற்சாலையில செஞ்ச வண்டி. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸ்காரங்க இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டோட சேர்ந்து ஆரம்பிச்ச வேலை. அந்தக் காலத்து புல்லட்டுக்கு எல்லாமே தலைகீழ். கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. ஸ்டார்ட் பண்றது தனி சடங்கு. அம்மீட்டர் முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் கிக்கரை மெதுவா அமுக்கணும், டீகம்ப்ரெஸர் லீவரைப் பிடிச்சு ஒரு இம்மி தள்ளணும், அப்புறம்தான் உதை. முறை தப்பினா வண்டி திருப்பி உதைக்கும். நான் வாங்கின உதையில கெண்டைக்கால் ரெண்டு நாள் வீங்கியே கிடந்திருக்கு.

அப்பா அதுல உக்காந்து போற அழகே தனி. முதுகு நேரா, கை ரெண்டும் அகலமா, பார்வை நேர் எதிர்ல. டெல்டாக்காரங்களுக்குத் தெரியும், எங்க பக்கம் மலைன்னா கோயில் பேர்லதான் இருக்கும். வயலுக்கு நடுவுல ரோடு கோடு போட்ட மாதிரி போகும். அந்த ரோட்டுல அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம், "வண்டியில நிமிந்து உக்காரணும்டா. குனிஞ்சு ஓட்டுறவன் எதுக்கோ பயந்து ஓடுறவன்."

இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

2023-ல நான் மாஸ்டர்ஸ் படிக்க சூரிச் கிளம்பின ஆகஸ்ட் மாசம், அப்பா புல்லட்டை வித்தார். "முட்டி வலிக்குதுடா, உதைக்க முடியல" என்றார். நானும் நம்பிட்டேன். டிக்கெட் காசும் முதல் ரெண்டு மாச வாடகையும் அதுலேர்ந்துதான் வந்ததுன்னு, நான் இங்க வந்து ஆறு மாசம் கழிச்சுதான் அம்மா போன்ல உளறினாங்க. அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. 'இங்க ஒரு வண்டி வாங்கணும், அதே மாதிரி உக்காந்து போகணும், அதை போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பணும்'னு முடிவு பண்ணினேன். புத்திசாலித்தனமான முடிவான்னு கேக்காதீங்க. மாஸ்டர்ஸ் படிக்கிறவன் எடுக்கிற முடிவெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

இந்த ஊர்ல பைக் லைசென்ஸ் வாங்குறது சும்மா இல்ல. ஊர்ல நான் புல்லட் ஓட்டினதெல்லாம் வயலோரமா லைசென்ஸ் இல்லாம ஓட்டினதுதான் (அப்பா மேல கேஸ் போட்டுடாதீங்க). அதனால இங்க அரிச்சுவடியிலேர்ந்து ஆரம்பம். முதலுதவி வகுப்பு, கண் டெஸ்ட், தியரி பரீட்சை, போக்குவரத்து வகுப்பு 8 மணி நேரம், அப்புறம் பைக் மேல அடிப்படைப் பயிற்சி 12 மணி நேரம். அது வரைக்கும் பின்னாடி நீலத்துல வெள்ளை 'எல்' போர்டு. கடைசியில ஒரு பிராக்டிகல் டெஸ்ட். இதெல்லாம் முடிச்சாலும் புதுசா ஓட்டுறவனுக்கு 35 கிலோவாட் வரைக்கும்தான் அனுமதி. 2021-லேர்ந்து நேரா பெரிய வண்டிக்குப் போக முடியாது, ரெண்டு வருஷம் இதுல பழகணும்.

அந்த 35 கிலோவாட்டுக்குள்ள அடங்குற ஒரு செகண்ட் ஹேண்ட் க்ரூசரை வாங்கினேன். 500 சிசி, இரட்டை சிலிண்டர், கன்னங்கரேல்னு. அசிஸ்டென்ட் வேலையில சேர்த்த காசு 4,200 பிராங்க் ஒரே மத்தியானத்துல போச்சு. சீட் உயரம் வெறும் 690 மில்லிமீட்டர். அஞ்சடி ஆறு அங்குல உடம்புக்கு ரெண்டு காலும் தரையில முழுசாப் பதியும். ஹேண்டில் அகலம், முதுகு நேரா. ரூம்மேட்டை விட்டு போட்டோ எடுத்து அனுப்பினேன்.

அப்பா எதுவும் எழுதல, கட்டைவிரல் பொம்மை ஒண்ணு மட்டும் வந்தது. கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் போனைக் காட்டுறார்னு அம்மா சொன்னாங்க. இதுக்கு மேல என்ன வேணும்? சாயங்காலம் சூரிச் ஏரியோரமா ராப்பர்ஸ்வில் வரைக்கும் மெதுவா உருட்டிக்கிட்டுப் போவேன். ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், நடுவுல நம்ம மன்னார்குடி மைனர். எதிர்ல வர்ற பைக்காரங்க இடது கையைத் தாழ்த்திக் காட்டி வணக்கம் சொல்லிட்டுப் போவாங்க. முன்னப்பின்ன தெரியாதவன் வணக்கம் சொல்றது இந்த நாட்டுல வேற எங்க நடக்கும் சொல்லுங்க :-)

சிக்கல் மலையில ஆரம்பிச்சது.

அட்லிஸ்வில் முருகன் கோயில்ல ஒரு அண்ணா பழக்கம். யாழ்ப்பாணத்துக்காரர், தொண்ணூறுகள்ல இங்க வந்தவர், கார் கராஜ்ல மெக்கானிக். இருபது வருஷமா இந்த மலையில பைக் ஓட்டுறவர். "தம்பி, ஒருக்கா மலைப்பக்கம் போய் வருவம்" என்றார். 2024 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. ப்ரூனிக் கணவாய் வழியா மைரிங்கன், அங்கேர்ந்து க்ரிம்சல், அப்புறம் ஃபுர்கா, ஆண்டர்மாட் வழியா வீடு. க்ரிம்சல் 2,164 மீட்டர், ஃபுர்கா 2,429 மீட்டர். ஊட்டியே 2,240 மீட்டர்தான்னா பாத்துக்கோங்க. வருஷத்துல பாதிக்கு மேல பனியில மூடிக் கிடக்கும் இந்த ரோடுங்க. ஏறக்குறைய ஜூன்லேர்ந்து அக்டோபர் வரைக்கும்தான் திறந்திருக்கும்.

க்ரிம்சல்ல இருந்து இறங்கினா க்ளெட்ச்னு ஒரு இடம். அங்க நின்னு எதிர்ல பாத்தா ஃபுர்கா ஏற்றம் முழுசும் தெரியும், மலை மேல யாரோ ஜிலேபி பிழிஞ்ச மாதிரி. 1964-ல வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்துல ஜேம்ஸ் பாண்ட் கார் ஓட்டிக்கிட்டு வர்றது இந்த ரோட்டுலதான். நானும் பாண்ட் மாதிரிதான் கிளம்பினேன்.

நாலாவதோ அஞ்சாவதோ கொண்டை ஊசி. வலது பக்கம் திரும்புறது. இங்க வண்டி ரோட்டுக்கு வலது பக்கம் போகும், அதனால வலது வளைவுதான் நமக்கு உள்வட்டம், ரொம்பக் குறுகல். கொஞ்சம் வேகமா நுழைஞ்சுட்டேன். சாய்ச்சேன். கீழேர்ந்து 'கர்ர்ர்ர்'னு ஒரு சத்தம். வலது கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் ரோட்டைத் தேய்ச்சுக்கிட்டு வருது. அதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்ல. உடம்பு தானா வண்டியை நிமித்திடுச்சு. நிமித்தினா என்ன ஆகும்? வளைவு விரிஞ்சுடும். நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கத்துல நான். எதிர்ல, மேலேர்ந்து மஞ்சள் கலர் போஸ்ட் பஸ்.

இந்த மஞ்சள் பஸ்ஸுங்க வளைவுக்கு முன்னாடி மூணு ஸ்வரத்துல ஒரு ஹாரன் அடிக்கும். ரோசினியோட 'வில்லியம் டெல்' இசையிலேர்ந்து எடுத்த ஸ்வரம். டூரிஸ்ட்டுங்களுக்கு அது அழகு. அது அழகுக்கு இல்ல, 'வர்றேன், ஒதுங்கு'ன்னு அர்த்தம். எனக்கும் கேட்டது. கேட்டும் மண்டையில ஏறல.

டிரைவர் முன்னாடியே வேகத்தைக் குறைச்சுட்டார் போல. பஸ் நின்னே நின்னுடுச்சு. நானும் எப்படியோ நின்னேன். பஸ்ஸோட பம்பருக்கும் என் முன் சக்கரத்துக்கும் நடுவுல ரெண்டு முழம் இருந்திருந்தா அதிகம். தப்பு முழுக்க முழுக்க என்னுது. டிரைவர் திட்டல. என்னைப் பாத்தார், கையைக் காட்டி 'பின்னாடி போ' என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூட தேவலையா இருந்திருக்கும். காலு ரெண்டும் வெடவெடன்னு ஆட, வண்டியைப் பின்னாடி தள்ளினேன். 690 மில்லிமீட்டர் சீட் அன்னிக்கு மட்டும் கைகொடுத்தது.

கொஞ்சம் மேல போனா பெல்வெடேர்னு ஒரு பழைய ஹோட்டல். 1882-ல கட்டினது, வளைவுக்குள்ளயே உக்காந்திருக்கும், பல வருஷமா மூடிக் கிடக்கு. பக்கத்துல ரோன் பனியாறு. பனி உருகாம இருக்க, கோடையில அதோட ஒரு பகுதிக்கு வெள்ளைப் போர்வை போத்தி வைக்கிறாங்க. அங்க வண்டியை ஓரம் கட்டினோம். அண்ணா தெர்மோஸ்லேர்ந்து தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தார். நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் பேசல.

"தம்பி, வளைவுக்குள்ள நீர் எங்க பாத்தனீர்?"

"பஸ்ஸைப் பாத்தேன்ணா."

"அதுதான். கண் போற இடத்துக்குத்தான் வண்டி போகும். பஸ்ஸைப் பாத்தா பஸ்ஸுக்குத்தான் போவீர். வளைவு எங்க முடியுதோ அங்க பாக்க வேணும்."

தலையாட்டினேன். அவர் என் வண்டியைச் சுத்தி வந்து, குனிஞ்சு அந்தத் தேய்ஞ்ச ஃபுட்ரெஸ்ட்டைத் தடவிப் பாத்தார்.

"ஓட்டத்தில பிழை இருக்கு, அது பழகினாச் சரி வரும். எண்டாலும் ஒண்டு கேக்கிறன். ஏன் உந்த வண்டி வாங்கினனீர்?"

"எங்க அப்பா புல்லட் வச்சிருந்தார்ணா."

"அப்பா இந்த மலையிலயோ ஓடினவர்?"

என்கிட்ட பதில் இல்ல.

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக்கல் இன்ஜினியர் புத்தி முழிச்சுக்கிச்சு. பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். (கணக்கு அலர்ஜி இருக்கிறவங்க இந்தப் பத்தியைத் தாண்டிக் குதிக்கலாம்.) வண்டி எவ்வளவு சாயணும்ங்கிறது ரெண்டே விஷயத்தைப் பொறுத்தது, வேகமும் வளைவோட ஆரமும். சாய்வுக் கோணத்தோட டேன்ஜென்ட், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலயும் புவியீர்ப்பாலயும் வகுத்தா வரும். 15 மீட்டர் ஆரம் உள்ள கொண்டை ஊசியில 25 கி.மீ. வேகத்துல போனா 18 டிகிரி சாஞ்சா போதும். 35-ல போனா? கிட்டத்தட்ட 33 டிகிரி. வெறும் பத்து கி.மீ. கூடினதுக்கு சாய்வு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. என் க்ரூசர்ல ஃபுட்ரெஸ்ட் தாழ்வா இருக்கு, அந்தக் கோணம் வர்றதுக்குள்ள தரையைத் தொட்டுடும். அது வண்டியோட குறை இல்ல. காலைத் தாழ வச்சு சொகுசா உக்காரத்தான் அதை அப்படிச் செஞ்சிருக்காங்க. மடங்குற ஃபுட்ரெஸ்ட் முதல்ல தேயுறது ஒரு எச்சரிக்கை. அதுக்கப்புறமும் சாய்ச்சா மடங்காத பாகம் தரையில ஊணி, பின் சக்கரத்தைத் தூக்கிடும். அப்ப வண்டி நம்ம கையில இல்ல.

அக்டோபர்ல மலை ரோடு மூடியாச்சு. குளிர்காலம் பூரா வண்டி ஒரு நிலவறை பார்க்கிங்ல தூங்குச்சு, நான் தூங்கல. கராஜ்ல அண்ணா பக்கத்துல உக்காந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கிட்டே கேள்வி கேப்பேன். ஸ்போர்ட் டூரிங்னா என்னன்னு அங்கதான் ஒழுங்காப் புரிஞ்சது. பேர்ல ஸ்போர்ட் இருக்கிறதால ரேஸ் வண்டின்னு நெனைச்சுட்டிருந்தேன். அது இல்ல. வளைவுல ரேஸ் வண்டி மாதிரி பயமில்லாம சாயணும், ஆனா நாள் பூரா உக்காந்து 400 கி.மீ. போனாலும் இடுப்பு ஒடியக் கூடாது. அதான் கணக்கு. கால் க்ரூசர் மாதிரி முன்னாடி நீளாது, இடுப்புக்குக் கீழயே இருக்கும். அதனால குழி வந்தா கால்ல ஊணி லேசா எழுந்துக்கலாம். க்ரூசர்ல அந்தக் குழியை முதுகெலும்புதான் வாங்கிக்கும். உடம்பு லேசா முன்னால சாயும், முன் சக்கரம் என்ன பண்ணுதுன்னு கைக்குத் தெரியும். அப்புறம் முன்னாடி கண்ணாடித் தடுப்பு. காத்தோட அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துல ஏறும். 80-லேர்ந்து 120-க்குப் போனா காத்து ரெண்டே கால் மடங்கு தள்ளும். க்ரூசர்ல ஆட்டோபான்ல போகும்போது நான் ஓட்டல, ஹேண்டிலைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுப் போனேன்னுதான் சொல்லணும்.

மார்ச்ல அண்ணாவே ஒண்ணு கண்டுபிடிச்சார். யமஹா ட்ரேசர் 700, 2018-ல பதிவானது, 38,000 கி.மீ. ஓடினது. ரெண்டு பக்கமும் பெட்டியோட 4,900 பிராங்க். அசல் சக்தி 55 கிலோவாட், அதை என் லைசென்ஸுக்காக 35-க்குக் குறைச்சு பேப்பர்லயும் அப்படியே பதிஞ்சாச்சு. அதாவது என் பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் சட்டப்படி ஒரே சக்தி. வித்தியாசமெல்லாம் உருவத்துல. க்ரூசர்ல முன் ஃபோர்க் 28 டிகிரி படுத்திருக்கும், இதுல 24.8 டிகிரி. சக்கரத்துக்குச் சக்கரம் அதுல 1,490 மில்லிமீட்டர், இதுல 1,450. கேக்கும்போது 'இவ்வளவுதானா'ன்னு இருக்கும். வளைவுக்குள்ள போனா தெரியும்.

எல்லாம் சரி, வாங்க மனசு வரல. க்ரூசரை விக்கிறதுன்னா அப்பா புல்லட்டை ரெண்டாவது தடவை விக்கிற மாதிரி இருந்தது. கடைக்கு வர்றவங்ககிட்ட காட்டிக்கிட்டிருக்கிற போட்டோவை என்ன பண்ணுவார்? ரெண்டு வாரம் இழுத்தடிச்சேன். அண்ணா ஒரே வார்த்தைதான் சொன்னார். "தம்பி, போட்டோவில ஒருத்தரும் விழுறேல்ல."

ஏப்ரல்ல வித்துட்டேன். ஒரு வயசான தாத்தா 3,900 பிராங்குக்கு வாங்கினார். ஏரியோரமா மட்டும்தான் ஓட்டுவாராம். சரியான கைக்குத்தான் போச்சு. சுவிஸ்ல ஒரு வழக்கம், நம்பர் பிளேட் வண்டிக்குச் சொந்தம் இல்ல, ஆளுக்குச் சொந்தம். பழைய வண்டியிலேர்ந்து கழட்டி, பேப்பர் மாத்தி, புது வண்டியில மாட்டிக்கணும். கராஜ் வாசல்ல உக்காந்து அந்த நாலு ஸ்க்ரூவைக் கழட்டும்போது தொண்டையில என்னமோ அடைச்சது. அப்பா எப்படித்தான் கழட்டிக் கொடுத்தாரோ. அப்பாகிட்ட சொல்லல. அடுத்த வாரம் சொல்லலாம்னு நெனைச்சு நெனைச்சு ஏப்ரல் போச்சு, மே போச்சு, ஜூனும் போச்சு.

புது வண்டி முதல் நாளே மானத்தை வாங்கிடுச்சு. சீட் உயரம் 835 மில்லிமீட்டர். பழைய நெனப்புல பெட்ரோல் பங்க்ல ரெண்டு காலையும் ஊணினேன். ஒரு பக்கம் கால் எட்டல. அப்படியே ஆஃப் ஆன மாதிரி மெதுவா சாஞ்சு, படுத்தாச்சு. 196 கிலோ. தூக்குறதுக்கு ஒரு பாட்டி ஓடி வந்தாங்க, எழுபது வயசு இருக்கும். வண்டிக்கு முதுகைக் காட்டி, முட்டியை மடக்கி, காலால தள்ளித் தூக்கணும்னு எனக்குப் பாடம் வேற. 'நான் சின்ன வயசுல ஓட்டினவ'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அவ்வ்வ்வ்.

ரெண்டு மாசம் காலி பார்க்கிங் இடத்துல எட்டு எட்டா சுத்தினேன். வலது பக்கம் திரும்ப வலது ஹேண்டிலை லேசா முன்னாடி தள்ளணும். கேக்க அபத்தமா இருக்கும், ஆனா எல்லா பைக்கும் அப்படித்தான் சாயும். நாம தெரியாமலே செய்யறோம், தெரிஞ்சு செஞ்சா வளைவு நம்ம கைக்கு வந்துடும். அப்புறம் பார்வை. தாடையைத் திருப்பி, வளைவோட கடைசியைப் பாக்கணும். பாத்தே ஆகணும்.

2025 ஜூலை, மறுபடி அதே சுத்து. அண்ணாவுக்கு வேலை இருந்ததால நான் மட்டும். க்ளெட்ச்ல நின்னு அந்த ஜிலேபியைப் பாத்தேன். வயித்துல புளி. முதல் வளைவு, ரெண்டு, மூணு... அந்த வலது கொண்டை ஊசி வந்தது. நுழையறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சேன். ரெண்டாவது கியர். தலையைத் திருப்பினேன். வளைவு முடியற இடத்துல ஒரு மஞ்சள் பூச்செடி, அதையே பாத்தேன். வண்டி சாஞ்சது. சத்தம் இல்ல. என் கோட்டை விட்டு ஒரு சாண் விலகல. வெளிய வந்தப்புறம்தான், மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருந்தது தெரிஞ்சது. மணிக்கு 28 கி.மீ. இருக்கும். சைக்கிள்காரன் வேகம்தான். ஆனாலும் பெல்வெடேர் வந்து ஹெல்மெட்டைக் கழட்டினா, கண்ணு ஏன் ஈரமா இருக்குன்னு தெரியல. காத்துன்னு வச்சுக்கோங்க.

அந்த சந்தோஷத்துல யோசிக்காம அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். இங்க காலையில பதினோரு மணி, அங்க மத்தியானம் ரெண்டரை. சாப்பிட்டுட்டுக் கடையில சாஞ்சிருந்தார். பனியாறைக் காட்டினேன், மலையைக் காட்டினேன். காட்டுற அவசரத்துல...

"இருடா, இருடா. அது யார் வண்டி?"

செத்தேன்.

"என்னுதுதான்ப்பா."

"கறுப்பு வண்டி?"

"வித்துட்டேன்ப்பா. ஏப்ரல்ல."

கொஞ்ச நேரம் ஃபேன் ஓடுற சத்தம் மட்டும் கேட்டது. "ஏன்டா சொல்லல?"

போன வருஷம் பஸ் முன்னாடி நின்னதைச் சொன்னேன். அதுவும் அவருக்குத் தெரியாது. "புல்லட்டை எனக்காக வித்தீங்க. இதையும் வித்துட்டேன்னு எப்படிப்பா சொல்றது"ன்னு கேட்டேன். குரல் உடைஞ்சுடுச்சு.

அப்பா சிரிக்க ஆரம்பிச்சார். முதல்ல எனக்குக் கோவம்தான் வந்தது.

"அட லூசுப் பயலே. நான் என்ன ஆசைப்பட்டா புல்லட் வாங்கினேன்? அப்ப எனக்கு ஆர்.எக்ஸ். 100 மேலதான்டா கிறுக்கு. சிட்டு மாதிரி பறக்கும். உங்க தாத்தாதான், 'அதுல ரெண்டு மூட்டை ஏத்த முடியுமாடா'ன்னு கேட்டார். நம்ம ஊரு ரோடு அப்ப ரோடா? மாட்டு வண்டித் தடம். அந்தத் தடத்துக்கும் மூட்டைக்கும் தாங்குறது புல்லட்தான்னு வாங்கினேன்."

"அப்ப நிமிந்து உக்காரணும், குனிஞ்சு ஓட்டுறவன் பயந்தவன்னு சொன்னது?"

"டேங்க் மேல ஒரு விதை மூட்டை, பின்னாடி ஒரு யூரியா மூட்டை. எங்கடா குனியறது? அப்படியே பழகிப் போச்சு. சின்னப் பையன் கேட்டா கெத்தா எதையாவது சொல்லி வைக்கிறதுதான்."

மக்களே, இருபது வருஷமா வேதவாக்கா வச்சிருந்த வரி அது!

"சரி, இது என்ன கம்பெனி?"

"யமஹாப்பா."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை ரொம்ப நேரம். "நான் 88-ல கேட்டது. முப்பத்தேழு வருஷம் கழிச்சு வந்திருக்கு. திருப்பிக் காட்டு, முழுசாப் பாக்கறேன்." சுத்திச் சுத்திக் காட்டினேன். செயின் கவர், டயர் எல்லாம் பாத்தார். "சாயும்போது பயம் இல்லாம சாயுதா?"

"சாயுதுப்பா."

"அப்ப அதான் வண்டி. வை போனை, ஆள் வந்திருக்காங்க." பின்னாடி அம்மா குரல், "எவ்வளவு வேகம் போவும்னு கேளுங்க!" ஊருக்கு வெளிய 80-தான்மா, மேல போனா கவர்மென்ட் விடாதுன்னு கத்தினேன். பொய் இல்ல. இங்க ஊருக்குள்ள 50 இருக்கிற இடத்துல ஆறு கி.மீ. கூடினாலே 120 பிராங்க் அபராதம். என்னோட ஒரு வார மளிகையை விட ஜாஸ்தி.

அப்பா ரோட்டைப் பாத்து வண்டி வாங்கியிருக்கார். நான் அப்பாவைப் பாத்து வண்டி வாங்கியிருக்கேன். அவர் செஞ்சதை அப்படியே செய்யறேன்னு நெனைச்சு, அதுக்கு நேர் எதிரா செஞ்சிருக்கேன். இது புரிய எனக்கு ஒரு பஸ்ஸு, ஒரு அண்ணா, ரெண்டு வண்டி தேவைப்பட்டது.

க்ரூசர் மட்டம்னு யாரும் எடுத்துக்காதீங்க. இப்பவும் சாயங்காலம் ஏரியோரமா போகும்போது அந்தத் தாழ்ந்த சீட்டும் மெதுவான உருட்டலும் ஞாபகம் வரும். இந்த வண்டியில சிக்னலுக்குச் சிக்னல் நின்னு போனா மணிக்கட்டு வலிக்குது, இன்னமும் கால் நுனிதான் எட்டுது. மன்னார்குடி - திருவாரூர் ரோட்டுக்குத் திரும்பிப் போனா க்ரூசர்தான் வாங்குவேனோ என்னவோ. ஆனா இப்ப நான் இருக்கிற ரோடு இது.

அண்ணாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "உம்மட அப்பா நல்ல மனுசன். ஆர்.எக்ஸ். 100 எனக்கும் விருப்பந்தான்" என்றார். ரெண்டு பேரையும் போன்ல பேச விட்டேன். நாப்பது நிமிஷம் பேசினாங்க. எனக்கு டர்னே வரல.

சரி, ஆணி கூப்பிடுது. அடுத்த பதிவுல பாக்கலாம்.

பி.கு. 1: அப்பா கடைக்கு வர்றவங்ககிட்ட இப்ப புது போட்டோவைக் காட்டுறாராம். 'நம்ம வண்டி'ன்னு சொல்லித்தானாம்.

பி.கு. 2: முதல் வண்டி வாங்கப் போற புள்ளைங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. கடையில உக்காந்து பாக்கறதுக்கு முன்னாடி, தினம் போற ரோட்டை ஒரு தடவை நல்லாப் பாத்துட்டுப் போங்க. சீட் உயரத்தையும்தான். பெட்ரோல் பங்க் பாட்டி எல்லா ஊர்லயும் இருக்க மாட்டாங்க.